ஸெலி அத்தையின் பாலத்தில் பனி

எங்கள் ஆற்றுக்கு இந்தக் கரையில் பிரெஞ்சு, அந்தக் கரையில் ஆங்கிலம். நடுவில் நூறு வயது தாண்டிய மரப்பாலம், பலகைச் சுவரும் கூரையுமாக. முப்பத்தோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்பவர் என் அப்பாவின் அக்கா ஸெலி.

வருஷத்துக்கு இரண்டு தடவை சுத்தியலால் உத்தரங்களைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல மரம், பொத்தென்றால் உளுத்தது. ஒருமுறை மரம் ஏற்றிவந்த லாரி முகப்புப் பலகையை இடித்துவிட, அதன் டிரைவரையே ஏணியில் ஏற்றி ஆணி அடிக்க வைத்தார். குளிர்காலத்தில் விடிந்ததும் துடைப்பம். சக்கரங்களில் ஒட்டிவரும் பனியில், உறைபனி உருக ரோட்டில் தூவும் உப்பு இருக்கும். அது உருகி இறங்கினால் ஆணியெல்லாம் துருப்பிடித்துவிடும்.

அத்தையின் அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, அதே பாலத்தில் நேர்மாறான வேலை. சக்கரத்துக்குப் பதில் இரண்டு இரும்புச் சட்டங்களில் பனிமேல் வழுக்கிப் போகும் சறுக்குவண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலம் அது. கூரைக்கு அடியில் பனி விழாதே! வெளியிலிருந்து அள்ளிவந்து அவர் பரப்பினால்தான் வண்டி நகரும்.

அறுபத்தொரு வயதில் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அக்கரையில் குதிரை வளர்க்கும் ஹேசன், மனைவியை இழந்தவர். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, அத்தை வீட்டுச் சமையலறையில் சண்டை வெடித்தது.

"எங்கம்மா கல்யாணத்தன்னைக்குச் சறுக்குவண்டியிலதான் இந்தப் பாலம் தாண்டி வந்தாங்க. உன்னையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போவேன்."

"வெறும் பலகையில இரும்புச் சட்டம் ஓடினா தரை சீவிக்கிட்டு வந்துரும்."

"பனி போட்டுக்கலாம், ஸெலி."

"என் தரையிலயா? முப்பத்தோரு வருஷமா கூட்டித் தள்ளினது எதுக்கு? உன் லாரியில வா, இல்லேன்னா வராதே."

"லாரியிலயா? நீ என்ன மாட்டுத்தீவனமா?"

ஹேசன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. அத்தை கல்யாண கேக்குக்கு முட்டை அடித்தார், பிறகு அந்தக் கிண்ணத்தை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று காலை, புது உடைமேல் பழைய கோட்டை மாட்டி, துடைப்பத்தோடு பாலத்தின் வாயில் நின்றார். நானும் கூடப் போனேன். அக்கரையிலிருந்து ஹேசன் கோட்டு சூட்டோடு தள்ளுவண்டியில் பனியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். தரை முழுக்க இல்லை. வண்டியின் இரண்டு சட்டங்களும் பதியும் அகலத்துக்கு இரண்டே கோடுகள், பாதிப் பாலம் வரை.

அத்தை விறுவிறுவென்று போய்க் குனிந்தார். ஒரு சிட்டிகை பனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்லையே?"

"மேல் வயலோட பனி. ரோட்டுப் பனியைக் கொண்டுவந்து உன் தரையில கொட்டுவேனா? எத்தனை நடை தெரியுமா? இடுப்பே போச்சு."

அத்தை அந்தக் கோடுகளை நிமிர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"இது என்னய்யா, பாம்பு போன தடம் மாதிரி? எங்கப்பா பார்த்திருந்தா உன்னை ஆத்துல தள்ளியிருப்பார். நாலு விரல் கனம் வேணும், மண்வெட்டி முதுகால தட்டணும். குடு இங்க."

துடைப்பம் என் கைக்கு வந்தது. மீதிப் பாதியை அத்தை நூல் பிடித்தாற்போலப் பரப்பினார். தேவாலயத்தில் பாதிரியார் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

மதியம் குதிரைகள் மணி குலுங்க அத்தையை அக்கரைக்கு இழுத்துப் போயின. விருந்தில் கோழிச் சூப் ஆறியது, மணமக்களைக் காணோம். தேடிப் போனேன். பாலத்துக்குள் இருவரும் கல்யாண உடையோடு பனியைக் கூட்டி ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மூலையை விட்டுட்டே, ஹேசன்."

"சூப் ஆறுது, ஸெலி."

"ஆறட்டும். மூலை."