சகலைக்குக் கிடைத்த நாற்காலி

கால் கட்டைவிரல் வீங்கியவருக்கு டாக்டர் எதற்காக நெஞ்சைச் சோதிக்கிறார்? அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரியாமல் விழித்திருப்பேன். அயர்ன் மாஸ்டருக்கும் தெரியாது. அவர் கண்ணெல்லாம் நாற்காலி மேலேயே இருந்தது.

சட்டை தைக்கும் எங்கள் கம்பெனியில் அவரும் அவருடைய சகலையும் அடுத்தடுத்த மேஜையில் துணி தேய்ப்பவர்கள். நாள் முழுக்க நின்றே வேலை; முகத்தில் ஆவி அடிக்கும். ஒருநாள் சகலைக்கு வலது கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியது. டாக்டர் நெஞ்சையும் சோதித்துவிட்டு, ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிவிட்டது என்றாராம். சூப்பர்வைசர் அவரைப் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றினார். ஜன்னலோரம், மின்விசிறிக்கு அடியில், உட்கார்ந்தபடி நூல் வெட்டும் வேலை.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் சகலை புராணம்தான். தன் தங்கை வீட்டுக்காரருக்கென்று மனைவி உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருநாளாவது இப்படிப் பாத்துப் பாத்து செஞ்சிருக்கியா?"

"உங்களுக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கீங்க."

மறுநாள் கல் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனது, காலில் துணி சுற்றி.

மத்தியானம் சகலை கத்தரியைக் கீழே வைத்தார். "என்ன சகலை, காலையில வலது கால்ல நொண்டுனீங்க, இப்ப இடது கால்ல?"

"வலி எடம் மாறுது."

"பாத்துங்க, மேல ஏறிடப் போகுது."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் விரலை அழுத்தினார். கையை எடுத்த பிறகுதான் மாஸ்டருக்கு "ஆ" என்று கத்த ஞாபகம் வந்தது. டாக்டரும் சிரித்தார். ஆனால் ரத்த அழுத்தம் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது. ரத்தம் எடுத்தார், ஈசிஜி எடுத்தார்.

"யூரிக் அமிலம் ஒன்பதரை இருக்கு."

சகலைக்கு எட்டுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மிஞ்சிவிட்ட பெருமை மாஸ்டருக்கு. "அப்ப எனக்கும் நாற்காலி உண்டுங்களா?"

"நாற்காலிய விடுங்க. பிரஷர் எகிறிக் கிடக்கு. இதயம் சிரமப்படுறது ஈசிஜியில தெரியுது. யூரிக் அமிலம் கூடினாலே இதய நோய் வரும்னு இல்ல. ஆனா ரெண்டும் பல பேருக்குச் சேந்தே இருக்கு. அதனாலதான் உங்க சகலைக்கும் நெஞ்சைச் சோதிச்சோம். அவருக்கு வலி வந்து காட்டிக் குடுத்துச்சு. உங்களுக்கு அதுவும் வரல."

படியிறங்கும்போது மாஸ்டருக்கு நாற்காலி ஞாபகமே இல்லை. இப்போது அந்த வீங்கிய விரலை நினைத்துத்தான் பொறாமை. 'இதுலயும் அவன்தான் குடுத்து வச்சவன்.'

மாஸ்டருக்கு மாத்திரை தொடங்கியது. டாக்டர் சொன்னதால் குடியும் நின்றது. வீக்கம் வடிந்து சகலையும் தேய்ப்பு மேஜைக்கே திரும்பிவிட்டார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். சகலையைவிட ஓர் அடியாவது முன்னால் போனால்தான் மாஸ்டருக்குத் திருப்தி.

உங்கள் வீட்டிலும் கல்லு மாதிரி ஒருவர் இருப்பார். இந்தக் கதையை அவர் காதில் போட்டுவிடுங்கள்.