பள்ளத்து மனைக்காரர்

பிளாட் போட்டு விற்பவர் ஏழைகளுக்கும் சில மனைகள் ஒதுக்கியாக வேண்டும் என்பது விதி. எங்கே ஒதுக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் பிளாட் போட்ட முதலாளி ஒருவர் அவற்றை ஓடையோரப் பள்ளத்தில் ஒதுக்கிவிட்டு, அதை ஒட்டிய மேட்டில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். எண்பதுகளில் அந்த வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன்.

பள்ளத்து மனைக்காரர்களில் ஒருவர் கொத்தனார். ஒடிசலான ஆள், சிமெண்ட் அரித்த விரல்கள். முதல் மழையிலேயே வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் முதலாளியிடம் வந்து முறையிட்டார்.

“நாலு நாளு நிக்கும், பொறவு வடிஞ்சிரும். போவும் வே” என்றார் முதலாளி.

கொத்தனார் திரும்பிப் போனார். அதன்பின் எங்கே வேலை செய்தாலும், சாயங்காலம் ஒரு மூட்டை கட்டட இடிபாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தன் மனையில் மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்கக் கொட்டி மிதிப்பார்.

“எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மேடாவட்டும் சார்” என்றார், முதலாளி வீட்டு வாசற்படியைக் கண்ணால் அளந்தபடி.

சில வருஷம் கழித்து அடைமழை பிடித்தது. மேடாகிவிட்ட வரிசை மறிக்க, ஓடைக்குப் போக வழியில்லாமல் தண்ணீர் முதலாளி வீட்டுக்குள் புகுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொத்தனாரிடம் போய், ஒரு வாய்க்கால் வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

கொத்தனார் ஈரமில்லாத தன் வாசலில் நின்றார்.

“நாலு நாளு நிக்கும் மொதலாளி. பொறவு வடிஞ்சிரும்.”

வடிந்த அன்று சாயங்காலமும் அவர் சைக்கிளில் ஒரு மூட்டை இருந்தது.