சிடுமூஞ்சியின் மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. முன்னால் கவுண்டரில் நிற்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. மாற்றிக்கொள்ள அவள் மெனக்கெடவில்லை. யாராவது அளவை ஒரு மில்லிமீட்டர் தப்பாக எழுதிக் கொடுத்தால், சீட்டை எடுத்துவந்து வாடிக்கையாளர் பார்க்கவே கவுண்டரில் போடுவாள். "இதை மாட்டிக்கிட்டு அவர் படியில உருண்டா நீங்க போய்த் தூக்குவீங்களா?"

அவள் மகளுக்கு ஆறு வயது. லேசான ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குழந்தை பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்வாள். மணிச் சத்தம் கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். கூட்டத்தில் யாராவது இடித்தால் கடித்தும்விடுவாள். தெருமுனையில் இருந்த அரசுப் பள்ளியில் ஒரே வகுப்பில் அறுபது பேர். அந்த இரைச்சலை வாசலில் நின்று கேட்டதுமே குழந்தை அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தனியார் பள்ளிதான் என்று முடிவானது அன்றைக்குத்தான்.

முதல் இடத்தைப் பிடித்துக் கொடுத்தவள் கணவனின் அக்கா. ஊரிலேயே பெரிய பள்ளி ஒன்றில் அலுவலக வேலை அவளுக்கு. சீட்டு கிடைப்பதே குதிரைக் கொம்பு என்பதை நாலு முறை சொன்ன பிறகு நிபந்தனையைச் சொன்னாள்.

"அந்த டாக்டர் காகிதத்தை மட்டும் வெளிய எடுக்காதீங்க. கூச்ச சுபாவம்னு சொல்லிக்கலாம். என் மானம் போயிடும்."

"உங்க மானத்துக்கும் என் பொண்ணுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"பாருடா உன் பொண்டாட்டி பேசற பேச்சை," என்று தம்பியிடம் திரும்பினாள் அவள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கப் பயப்படாதவனுக்கு அக்காவிடம் மட்டும் வாய் எழும்பாது. "சேர்த்துட்டு அப்புறமா மெதுவா சொல்லிக்கலாமே," என்றான் மனைவியிடம்.

நேர்முகத்தின்போது பிரின்சிபால் படங்களைக் காட்டி நிறம் கேட்டார். குழந்தை நன்றாகத்தான் சொன்னாள். பாதியில் பீரியட் மணி அடித்தது. குழந்தை மேசைக்கடியில் புகுந்து அலற ஆரம்பித்தாள். "ரொம்பக் கூச்ச சுபாவம் சார்," என்று இளித்தான் தகப்பன். அவள் பையைத் திறந்து டாக்டரின் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "கூச்சமும் இல்ல, மண்ணும் இல்ல. இதைப் படிங்க."

பிரின்சிபால் முதல் வரியைத் தாண்டவில்லை. மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று தனியாக இடங்கள் இருக்கின்றன என்றார். "மாதிரின்னா எந்த மாதிரி சார்?" என்று அவள் கேட்டதற்கு அழைப்பு மணியை அழுத்திப் பியூனைக் கூப்பிட்டார். குழந்தை மறுபடி அலறினாள்.

அன்றோடு கணவனின் அக்கா அவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கணவன் பதினோரு நாள் மனைவியோடு பேசவில்லை. பேசியபோது, "உனக்கு ஜெயிக்கணும், அவ்வளவுதான். குழந்தை எக்கேடு கெட்டா என்ன," என்றான். அவள் அவன் தட்டைக் கழுவாமல் அப்படியே தொட்டியில் போட்டுவைத்தாள். நாலு நாள் அது அங்கேயே கிடந்தது.

இரண்டாவது பள்ளி சிரித்த முகத்தோடு வரவேற்றது. 'எல்லாக் குழந்தைகளும் எங்கள் குழந்தைகள்' என்று வரவேற்பறைச் சுவரில் ஆளுயர எழுத்து. அறிக்கையைப் பார்த்ததும் அங்கிருந்த பெண், "அட, இதெல்லாம் எங்களுக்கு சகஜம்மா," என்றாள். நூலகம், இசை அறை, மணல் தொட்டி எல்லாம் காட்டினாள். கணவன் முகம் தெளிந்துவிட்டது. குழந்தையோ கதவு எண்களை வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். முப்பத்தொன்று வரை வாசித்தவள், பின்பக்க மாடிப்படிக்குக் கீழே நின்று, "இதுக்கு நம்பர் இல்ல," என்று கத்தினாள்.

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாய் தாழ்ப்பாளை விலக்கினாள். உள்ளே ஏழெட்டுக் குழந்தைகள், ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை. எல்லார் கையிலும் ஒரே படம், வண்ணம் தீட்ட. மூலையில் ஓர் ஆயா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள்.

"இங்கதான் உட்கார வைப்பீங்களா?"

"ஆரம்பத்துல மட்டும்தாம்மா. அவங்களுக்கு அமைதி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அமைதி கேட்டேன். தாழ்ப்பாள் கேக்கல."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்போதும் கலையவில்லை. அதுதான் தாய்க்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. வாட்ச்மேன் வந்து வெளியே கொண்டுபோய் விட்டான். கணவன் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தான். இந்த முறை அவளைத் திட்டவில்லை. "அந்தப் பெரிய பையனுக்கு மீசை முளைச்சிருந்துச்சு," என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது பள்ளி டயர் கடைக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம். தலைமை ஆசிரியை வா என்றுகூடச் சொல்லவில்லை. அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தார், நடுவில் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பெற்றோரை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்டார்.

"மணி அடிச்சா என்ன பண்ணுவே?"

"கத்துவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது நிக்கிற வரைக்கும். உங்க மூக்குல மச்சம் அசிங்கமா இருக்கு."

"எனக்கும் அது பிடிக்கல," என்றார் அவர். பிறகு தாயைப் பார்த்து, "உறுதி எதுவும் தரமாட்டேன். இவளை மாதிரி ரெண்டு பேர் இங்க படிச்சாங்க. ஒருத்தன் நல்லா வந்தான். இன்னொருத்தியை ரெண்டு வருஷத்துல நாங்களே கெடுத்துட்டோம், அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதல் மூணு மாசம் மத்தியானம்வரைக்கும்தான்."

"முழு நாளும் வேணும். எனக்கு வேலை இருக்கு."

"அது உங்க பாடு."

"இப்படியா பெத்தவங்ககிட்ட பேசுவாங்க?"

"பிடிக்கலன்னா வேற இடம் பாருங்க."

அவள் விருட்டென்று எழுந்தாள். வெளியே வந்தால், அதற்குள் நழுவிப் போயிருந்த குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெளியிடத்தில் எங்கேயும் செருப்பைக் கழற்றாத பிள்ளை, டாக்டர் அறையில்கூட. தாய் அந்தச் செருப்பைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய், "படிவத்தைக் குடுங்க," என்றாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

கணவன் கடைசி ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு மத்தியானம் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். இரண்டாவது வாரமே குழந்தை வகுப்பில் ஒருத்தியின் கையைக் கடித்துவைத்தாள். கடிபட்டவளின் அம்மா வாசலில் நின்று, "இதையெல்லாம் ஏன் சேர்க்கறீங்க?" என்று கூச்சல் போட்டாள். தலைமை ஆசிரியை வெளியே வந்தார். "உங்க பொண்ணு போன வருஷம் ஒருத்தியைப் படியில தள்ளிவிட்டா. அவளையும் வெச்சிருக்கேன், இவளையும் வெச்சுக்கத்தான் போறேன்." சிடுமூஞ்சிக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. கடிக்கிற அளவுக்கு நெருக்கி வரிசை விட்டது யார் என்று அன்று மாலையே அவரோடு ஒரு சண்டை. மறுநாள் வரிசையில் குழந்தையைக் கடைசியில் நிறுத்தினார்கள்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. குழந்தை இன்னும் மணிக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள். அலறுவது குறைந்திருக்கிறது, நின்றபாடில்லை. பக்கத்தில் உட்காருகிற ஒரு பெண்ணின் பெயரை வீட்டில் சொல்கிறாள். மத்தியானம்வரை மூன்று மாதம் என்றது ஏழு மாதமானது; அதற்குப் பிறகு மூன்று மணிவரை வைத்துக்கொள்கிறார்கள். பள்ளி விடுகிற நாலு மணிவரையிலான அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காகத் தாயும் தலைமை ஆசிரியையும் மாதம் ஒருமுறை மோதிக்கொள்கிறார்கள். போன வெள்ளிக்கிழமையும் போனாள். கடையில் பாதி தேய்த்த லென்சை அப்படியே வைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல்.