ரமணி அக்காவுக்கு நான் போட்ட கணக்கு

இன்று காலை குரோருட் ரயிலில் ரமணி அக்கா பக்கத்தில் வந்து இருந்தா. எங்கட மேல்மாடிக்காரி, முதியோர் இல்லத்தில் உதவியாளர்.

"தம்பி, நேர்சிங் படிச்சால் கட்டுப்படியாகுமோ? எஞ்சினியர்தானே, கணக்குப் பாத்துச் சொல்லுமன்."

கைபேசியிலேயே தட்டினேன். மூன்று வருடச் சம்பளம் போகும், படிப்புக் கடன் ஏறும்.

"அடைச்சு முடிய உங்களுக்குப் பென்சன் வயது வந்திடும். விடுங்கோ."

"ஓம், நீர் சொன்னால் சரிதானே."

கல்லூரிக் கையேட்டை மடித்துப் பைக்குள் வைத்தா.

வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டில் பாஸ் பண்ணினால் அந்தக் கடனில் ஒரு பங்கை அரசாங்கமே தள்ளுபடி செய்துவிடும். நான் படித்ததும் அப்படித்தான். கணக்கைத் திருப்பிப் போட்டால், கட்டுப்படியாகுது.

விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். அக்கா ஒரு மாடி மேலே இருக்கிறா. நான் கீழே இருந்து இதை எழுதுகிறேன்.

கதவைத் தட்டினால் முதல் வசனம் என்ன? ஆராவது சொல்லுங்கோ.