மேலே இருந்த மார்க் ஷீட்

மார்க் ஷீட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், காலேஜில் சீட் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லிவிடுவேன். இது பச்சைப் பொய். எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். எழுத்தெல்லாம் புள்ளி வைக்காத கோலம். இதையும் நான் சொல்லச் சொல்ல எங்கள் டைப்பிஸ்ட் தம்பிதான் அடிக்கிறார். புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர்களுக்கு உதவுமாம்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு காலேஜ். அட்மிஷன் ஆபீஸ் வாசலில் டோக்கன் கொடுப்பது என் வேலை. ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். அப்போதெல்லாம் நானும் தாளை வாங்கிக் கண்ணைச் சுருக்குவேன். பெரிய எண் என்றால் தலையாட்டுவேன். சின்ன எண் என்றால் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒரு வருடம், அட்மிஷனின் கடைசி நாள். மில்லுக்குப் போகும் ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் பெயர் காயத்ரி.

"ஏனுங்ண்ணா, அப்ளிகேஷன் போட்டிருக்குதுங்க. புள்ளை ரெண்டு ஸ்கூல் மாறிருச்சுங்க. மார்க்கு ஏறி எறங்கிக் கெடக்குது. சான்ஸ் இருக்குங்களா?"

அவர் நீட்டிய ஃபைலில் மேலே இருந்த தாளைப் பார்த்தேன். முப்பத்தஞ்சு, நாற்பது, முப்பத்தெட்டு.

"கஷ்டமுங்க. வேற எங்காச்சும் பாருங்க."

அந்த அம்மா ஃபைலை வாங்கிப் பையில் வைத்தார். டோக்கன்கூட வாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் அட்மிஷன் மேடம் வெளியே வந்தார். "அண்ணா, காயத்ரின்னு செலக்ஷன் லிஸ்ட்ல இருக்கு. பிசிக்ஸுக்கு. வரலீங்களா?"

"மார்க்கு பத்தாதுன்னு அனுப்பிச்சுப்போட்டனுங்க."

"ப்ளஸ் டூல எண்பதுக்கு மேல வாங்கியிருக்கு. எந்த ஷீட்டைப் பாத்தீங்க?"

"மேல இருந்ததுங்க."

"அது ப்ளஸ் ஒன்னா இருக்கும். நாங்க பாக்கறது ப்ளஸ் டூ மார்க்குத்தான். நாலு மணிக்கு லிஸ்ட்டை மூடணும். ஓடுங்க."

மணி மூன்றரை. ஓடினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவும் மகளும் அப்போதுதான் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள்.

"அக்கா, எறங்குங்க. சீட்டு இருக்குதுங்க."

"நீங்கதானுங்க இல்லைன்னீங்க?"

அத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை ஒரு பஸ் நிறைய ஆட்கள் கேட்கச் சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்கக்கா. எந்தத் தாளுன்னே தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "படிச்சவங்களே தப்பாச் சொல்றாங்க, விடுங்க. அக்கா, சீக்கிரம் எறங்குங்க. வண்டி கெளம்பணும்."

காயத்ரிதான் முதலில் இறங்கியது.

நாலு மணிக்குள் ஆபீஸ் வந்து சேர்ந்தோம். மேடம் ஃபைலைப் புரட்டினார். "பதினொண்ணுல மட்டும் ஏம்மா இப்படி?"

"இங்கிலீஷ் மீடியம் மாறிப் போனேன் மேடம். ஒண்ணுமே புரியல. பழைய ஸ்கூலுக்கே திரும்பி வந்துட்டேன்."

மேடம் ப்ளஸ் டூ தாளை எடுத்து மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கும், திரும்பி வந்த அந்த அம்மாவுக்கும், வண்டியை நிறுத்தி வைத்த கண்டக்டருக்கும் நான் கடன்பட்டவன்.

அதற்குப் பிறகு மூன்று வருடமும் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் காயத்ரி என் முன்னால் நின்று, "அண்ணா, சான்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும். போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அம்மாவோடு ஸ்வீட் பாக்ஸ் கொண்டு வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு...

"அண்ணா, வாசல்ல ஒருத்தர் மார்க் ஷீட்டோட நிக்கிறாருங்க. உங்களைத்தான் கேக்கறாரு."

புது அட்டெண்டர் ஒருவர் கூப்பிடுகிறார். வாரேன், இருங்க. தம்பி, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்பவேண்டும். தாளைக் கையில் வாங்க மாட்டேன்.