மூத்தவன், நடுவுலவன், கடைக்குட்டி

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும், நேற்று ஓடவிட்டுப் பார்த்ததையெல்லாம் என் மருமகள் அழித்துவிடுவாள். காலி இடத்தில் ஒரே ஒரு வரி தட்டிவிட்டு, எல்லாம் தானாக எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றுவாள். நாற்காலி என் பட்டறையில் நானே பற்றவைத்தது. எத்தனை சுற்றுக்கும் தாங்கும்.

வெப் அப்ளிகேஷன் கட்டுகிறவர்களுக்கு அடிச்சட்டம் செய்து தருவது அவள் வேலை. நான் ஜன்னல் சட்டத்தைத் தயாராக வைத்தால், வருகிறவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு போவதில்லையா, அது மாதிரி. முகப்பு, மெனு, கடவுச்சொல் கேட்கும் இடம் எல்லாம் அதில் முன்பே இருக்கும். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் என்று மூன்று முறையில் கட்டுகிறார்களாம். மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறாள். அவள் வாயில் அவை மூத்தவன், நடுவுலவன், கடைக்குட்டி. "அண்ணனுங்க ரெண்டு பேரும் எழுந்தாச்சு, உனக்கு மட்டும் என்னடா தூக்கம்" என்று திட்டுவது மாடிப்படிவரை கேட்கும்.

இதற்காக நல்ல சம்பள வேலையை விட்டவள். நானும் ஒரு முதலாளியை உதறிவிட்டு வந்துதான் கீழே பட்டறையும் மேலே வீடுமாக இந்த மூன்று மாடியை எழுப்பினேன். அதனால் நான் தடுக்கவில்லை. மூன்றையும் இணையத்தில் வெளியிடும் நாளன்று பட்டறைக்கு இறங்கி வந்தாள்.

"மாமா, உங்க பில் போடற கம்ப்யூட்டர் வேணும். கூடவே நீங்களும் வேணும்."

"நான் எதுக்கும்மா?"

"ஒண்ணுமே தெரியாத ஆளை வச்சுப் பார்க்கணும்."

வாசலில் நின்ற என் மகன், "அப்பாவை விட்டா ஆளே கிடையாது" என்றான்.

"ஒண்ணும் தெரியாமதான் உன்னைப் படிக்க வச்சேனாடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் எழுதிவைத்த வழிமுறையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"கை சும்மா இருந்தா உங்களுக்கு உதவிடும் மாமா. முகம் தெரியாதவங்க வீட்டுக்கெல்லாம் நான் போய் உதவ முடியுமா?"

மூத்தவன் எழுந்தான். நடுவுலவனும் எழுந்தான். கடைக்குட்டிக்கு வெறும் வெள்ளைத் திரை. காரணம், அவள் கம்ப்யூட்டரில் எப்போதோ போட்டுவைத்த ஒரு சின்னக் கோப்பு. அதைக் கடைக்குட்டியோடு சேர்த்துக் கட்ட மறந்திருக்கிறாள். அதனால் அவன் அவளிடம் மட்டும்தான் ஓடுவான்.

"ஊருக்கு அனுப்பற பிள்ளைக்குச் செருப்பு மாட்டாம விட்டிருக்கேனே" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மாடிக்கு ஓடிச் சரிசெய்துவிட்டு வந்தாள். இரண்டாம் முறை ஓர் எழுத்துகூடத் தப்பாமல் தட்டினேன். கடைக்குட்டி எழுந்து நின்றான்.

பட்டறையிலேயே வைத்து மூன்றையும் வெளியிட்டாள். கொஞ்ச நேரத்தில், "யாரோ ஒருத்தர் கடைக்குட்டியை எடுத்திருக்கார்" என்றாள். மூன்று பேரும் திரையையே பார்த்தோம்.

'ஓடுகிறது, நன்றி' என்று அந்த ஆளிடமிருந்து செய்தி வந்தது. மகன் கைதட்டினான். நானும் தட்டினேன். அவளால்தான் தட்ட முடியவில்லை. இரண்டு கைகளும் மறுபடி தொடைக்கடியில் இருந்தன.