காசு சுருக்கும் வெடி மாமா

அறிவியல் காட்சிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெடி மாமா. பெயர்தான் பயங்கரம்; ஆள் அதிர்ந்து பேசமாட்டார். நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், ஆலை மூடியபின் இங்கே வந்து சேர்ந்தார்.

செல்லாக்காசு ஒன்றைச் செம்புக் கம்பிச் சுருளுக்குள் செருகி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பக்கத்து அறையில் அடுக்கியிருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் ஏறும். பொத்தானை அமுக்கினால் சேர்ந்ததெல்லாம் கண் இமைப்பதற்குள் சுருளில் பாயும். அதன் காந்த விசை காசைச் சுற்றிலும் நெருக்கும், இடி விழுந்ததுபோல் சத்தம் கேட்கும், சுருள் தூள்தூளாகிவிடும். பெட்டியைத் திறந்தால் காசு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கித் தடித்துக் கிடக்கும். அதிலிருந்த தலையும் எழுத்தும் அப்படியே குறுகியிருக்கும். எடை மட்டும் குறையாது.

அவருடைய அப்பா ஒரு தடவை வந்து பார்த்தார். "காசைப் பெருக்குறவனப் பாத்திருக்கேன். சுருக்கிச் சம்பளம் வாங்குறவன இன்னிக்குத்தான்டா பாக்குறேன்" என்றார். அம்மா போனபிறகு அப்பா இவருடைய தங்கை வீட்டில் இருந்தார். விடுமுறை நாளில் இவர் போவார். இருவரும் டிவியில் செய்தி பார்ப்பார்கள். "அப்ப வரேம்பா." "ம்." அவ்வளவுதான்.

ஒருநாள் கூடம் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். மீட்டர் முள் பாதி ஏறியிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, அப்பா போயிட்டாருண்ணா."

"சரிம்மா. வரேன்."

ஏறிய மின்சாரத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவிடச் சிவப்புக் கைப்பிடி ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முள் உச்சிக்கு வந்ததும், "காதைப் பொத்திக்கோங்க" என்றார். அமுக்கினார். பிள்ளைகள் அலறிவிட்டுச் சிரித்தார்கள். காசை எடுத்து முன்வரிசைச் சிறுமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுது மாமா!"

"லேசாத்தான். ஒண்ணும் ஆகாது."

டிக்கெட் கொடுக்கும் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னொரு ஸ்கூல் வெளிய நிக்குது, விடட்டுமா?" என்று கேட்டார்.

"விடுங்க."

அந்தக் காட்சியையும் ஒரு சொல் பிசகாமல் நடத்தி முடித்தார். பெட்டியைத் துடைத்து, சாவியை மாட்டிவிட்டு பஸ் ஏறினார். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

தங்கை வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில் அப்பா தூங்குவதுபோல் கிடந்தார். தங்கை எழுந்து வந்தாள்.

"எங்கண்ணா இருந்த இவ்ளோ நேரம்?"

"ஷோ இருந்துச்சும்மா."

"சொன்னப்புறமுமா?"

"ஆமா. ரெண்டு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்லு மாதிரி நிக்கிறியே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலயா உனக்கு?"

"வரலம்மா."

தங்கை கணவர் இடையில் வந்து, "விடு. மச்சான் வந்துட்டாருல்ல" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அண்ணன் காதோரம் மயிரில் சிக்கியிருந்த செம்புத் துணுக்கைக் கண்டாள். அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடக்கம் முடியும்வரை அவரிடம் பேசவில்லை.

மேனேஜர் ஒரு வாரம் லீவு தருவதாகச் சொன்னார். "வீட்ல உக்காந்து என்ன சார் பண்றது?" என்று மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். சுருள் சுற்றினார், வெடிக்கவிட்டார், கூட்டினார். சாப்பாடு வழக்கம்போல் இறங்கியது, தூக்கமும் வந்தது. அதுதான் அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மாதங்கள் கழிந்து ஒருநாள் கூடத்தின் கடைசி வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வருவதாகச் சொல்லவில்லை. சத்தத்துக்கு மற்றவர்கள் துள்ளியபோது அவள் மடியில் கை வைத்தபடியே இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். தன் டம்ளரை அவர் தொடவில்லை.

"இன்னும் அழலயாண்ணா நீ?"

"இல்ல."

"எனக்கும் இப்பல்லாம் வர்றதில்ல" என்றாள் அவள். பிறகு அவர் பக்கமாக டம்ளரைத் தள்ளினாள். "ஆறுது, குடி."